வெட்டாமல் போடவும்

ஜெயபாலனுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். பள்ளியில் மூன்று வருஷம் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். அந்த மௌனத்தை நன்றாக அறிவேன்.

1935-இல் நாங்கள் ஜொகூர் பாருவில் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அவன் அப்பா கனகராஜ் அரசாங்க அலுவலகத்தில் பியூன். மகன் பாஸானதும் அங்கேயே கிராணியாக, குமாஸ்தா நாற்காலியில், உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மகனோ பள்ளி விட்டதும் நேராக ஜப்பான்காரர் ஒருவரின் போட்டோ கடைக்கு ஓடினான். அங்கே இருட்டறையில் படங்களைக் கழுவிக் கொடுத்தான். சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய பெட்டிக் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஓடுகிறவனை அந்தக் கேமராவில் எடுத்தால் புகை மாதிரிக் கலங்கித்தான் விழும். அசையாமல் நிற்கிறவர்களுக்குத்தான் அது லாயக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். பள்ளித் திடலில் உயரம் தாண்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவன் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். எகிறினவன் கீழே இறங்குவதற்கு முன்பு ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிடுகிறான். அந்தக் கணத்தில் விசையைத் தட்டினால் முகம்கூடத் தெளிவாக விழுந்தது. அப்படி எடுத்த ஒரு படத்தைச் சிங்கப்பூரில் இருந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு அனுப்பினான். அவர்கள் போட்டார்கள். பிறகு ஜொகூரில் நடக்கும் ஆட்டங்களை அவனையே எடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

அந்த ஆகஸ்டில் காற்பந்து இறுதியாட்டம் வந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்களின் கிளப். மறுபக்கம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து அமைத்த குழு. பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது. அவர்களின் கோல்கீப்பர் செல்லப்பன், பெக்கான் நானாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாலுக்காகப் பட்டையைச் சீவி மரம் வெட்டுகிறவர். அன்று காலையிலும் தன் பங்கு மரங்களின் நிரையை வெட்டி, பாலை ஊற்றிவிட்டுத்தான் லாரியில் ஏறி வந்திருந்தார்.

தோட்டக் குழு ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் கிளப்புக்குப் பெனால்டி கிடைத்தது. ஜெயபாலனிடம் ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டிருந்தான். நான் அவன் பின்னால் நின்றேன். வங்கியில் வேலை பார்க்கும் துரை ஒருவர் ஓடி வந்து உதைத்தார். செல்லப்பன் வலது பக்கமாகப் பாய்ந்தார். விசை தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் இருட்டறையில் அந்தப் படம் மெல்ல மெல்ல எழுந்து வந்ததை நானும் பார்த்தேன். செல்லப்பன் வெறுங்காலோடு அந்தரத்தில் நீண்டு கிடந்தார். இரண்டு கைகளுக்கும் நடுவில் பந்து. தூரத்தில், உதைத்த காலைக் கீழே வைக்காத துரை. ஜப்பான்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் கையாலேயே இன்னொரு பிரதி போட்டார். முதல் பிரதியும் நெகடிவும் பத்திரிகைக்குப் போயின.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகை வந்தது. படத்தில் துரை முழுசாக இருந்தார். பந்து இருந்தது. பந்தைப் பிடித்த இரண்டு கறுத்த கைகள் இருந்தன. மணிக்கட்டுக்குக் கீழே செல்லப்பனை வெட்டி எடுத்துவிட்டார்கள். துரை நூலிழையில் கோலைத் தவறவிட்டார் என்று படத்துக்கு அடியில் எழுதியிருந்தது. அன்று முழுக்க ஜெயபாலன் யாரோடும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுப் படத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். பத்திரிகை எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. செல்லப்பனின் அம்மா பேச்சியம்மாள் அதை ஆபீஸ் கிராணியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலிலேயே விரித்துக் காட்டினார்.

"எனக்கு எழுத்துதான் தெரியாது தம்பி, மூஞ்சி தெரியும். இதுல எம்மவன் எங்க?"

ஜெயபாலன் அந்தக் கைகளின் மேல் விரலை வைத்தான்.

செல்லப்பன் சிரித்துக்கொண்டே, "விடு தம்பி, கையவாச்சும் போட்டானுங்களே" என்றார்.

"கை மட்டுமாண்ணே பந்தப் புடிச்சிச்சி?" என்றான் ஜெயபாலன். முழுப் படத்தைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி வந்தான்.

மறுநாள் பள்ளிக்குப் போகாமல் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போனோம். விளையாட்டுப் பக்கத்து ஆசிரியர் வெள்ளைக்காரர். எங்களை வெகுநேரம் நிற்க வைத்தார். பக்கத்தில் இடம் போதவில்லை என்றார். துரையை வாசகர்களுக்குத் தெரியும், அந்தக் கூலியை யாருக்குத் தெரியும் என்று கேட்டார். படிக்கிற வயதில் படம் அச்சானதே பெரிய விஷயம் என்றும் புத்தி சொன்னார். பெனால்டியைத் தடுத்தது யார் என்று ஜெயபாலன் ஆங்கிலத்தில் கேட்டான். அவர் சிரித்தார். நெகடிவைத் திருப்பித் தரும்வரை இவன் மேசையை விட்டு நகரவில்லை.

விஷயம் எப்படியோ பள்ளிக்குத் தெரிந்து எங்கள் இருவருக்கும் பிரம்படி கிடைத்தது. அவன் வீட்டில் அதைவிட மோசம்.

"தொரமாருகிட்ட மல்லுக்கு நிக்கிறியா? என் வேல போச்சுன்னா வீட்டுல எல்லாருக்கும் நீ சோறு போடுவியா?" என்று கத்தினார் கனகராஜ். அவர் பயந்துபோயிருந்தார். அது ஜெயபாலனுக்கும் தெரிந்தது. ஆனால் அவன் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் அனுப்பிய ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது: வெட்டாமல் போடவும், வெட்டுவதானால் போட வேண்டாம். அதற்குக் கீழே படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதுவான். பத்து மாதம் எல்லாப் படமும் திரும்பி வந்தது. ஒவ்வொரு உறையையும் பிரித்துப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை அனுப்பினான். எனக்கே சலித்துப்போய், ஒரு தடவையாவது அந்த வரியை எழுதாமல் அனுப்பிப் பாரேன் என்றேன். அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தான்.

அடுத்த வருஷ இறுதியாட்டத்துக்குப் பத்திரிகை தன் சொந்தப் படக்காரரை அனுப்பியது. இடைவேளைக்குப் பிறகு மழை கொட்டியது. அந்த மனிதர் பெரிய கேமராவை மூடிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டார். ஜெயபாலன் பெட்டிக்கு மேல் எண்ணெய்த்துணியைப் போர்த்திக்கொண்டு சேற்றில் மண்டி போட்டான். மூன்று துரைமார்களின் தலைக்கு மேல் எழும்பிச் செல்லப்பன் பந்தைக் குத்தித் தள்ளினார். நால்வரின் தோளும் கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எந்தக் கத்தரியாலும் அவரைத் தனியாகப் பிரித்துவிட முடியாது.

கூடாரத்திலிருந்து அவனைப் பார்த்த படக்காரர் சொல்லி, அன்று சாயங்காலமே பத்திரிகையிலிருந்து ஜப்பான்காரரின் கடைக்கு டெலிபோன் வந்தது. அந்த இரண்டு வரிக்குச் சம்மதம் என்றால்தான் படம் என்று இவன் சொன்னான். சம்மதித்தார்கள். முழுப் படமும் வந்தது. கீழே பெயரும் வந்தது: சின்னப்பன்.

நான் தலையில் கை வைத்தேன். தோட்டத்தில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. பேச்சியம்மாள் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பேருல என்ன இருக்கு, பொழைச்சுப் போறானுங்க என்றார் செல்லப்பன். ஜெயபாலன் மட்டும் வாயே திறக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் சிங்கப்பூர் போனான். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தின் அடியில் திருத்தம் வந்தது, இரண்டு வரி.

அவன் தேர்வு எழுதி முடித்த மறுவாரமே அந்தப் பத்திரிகை அவனை ஜொகூருக்குப் படக்காரனாக வைத்துக்கொண்டது. அவன் அறைக்குள் நுழைந்தாலே ஆசிரியரின் முகம் சுருங்கும். இவனும் வேலையில் இருந்தவரை ஒரு நாள்கூட அவருக்குக் குட் மோர்னிங் சொன்னதில்லை.