நிலவறைக்குக் குடிபூரல்

ஒஸ்லோவின் ஹவுகெட்டோ ஸ்டேஷனில் இறங்கி மேடு ஏறினால் வரும் பழைய மரவீடு ஜெயரத்தினத்தினுடையது. அந்த வீட்டின் நிலவறைக்குக் குடிபூரல், புதுமனை புகுகிற விசேஷம், என்று அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. தடித்த கார்ட், தங்க எழுத்து, தலையில் பிள்ளையார். நிலவறையில் மட்டும் இன்னும் ஒரு ஆணிகூடப் பிடுங்கியிருக்கவில்லை.

அடித்தது அவரில்லை. மனைவி மங்களேஸ்வரியும் அவளுடைய தம்பி சோதிலிங்கமும். ஐயர் ஆவணியில் ஒரு நாள் வைத்துக் கொடுத்தார். நாள் வைத்த பிறகு கார்ட் அடிக்காவிட்டால் இந்தச் சனத்துக்குச் சோறு இறங்காது.

ஜெயரத்தினம் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவர். ஒஸ்லோ சனம் சீட்டுக்குக் கீழே விட்டுப்போகிற குப்பையைக் கூட்டிக் கூட்டியே மனிதரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தன் சனத்தைப் பற்றிய முடிவு அதைவிட மோசம். கடன்பட்டுக் கலியாணம் செய்வான், பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் தானும் வாங்குவான், தலைவலிக்கு மட்டும் டொக்டரிடம் போகமாட்டான்.

மகள் ஜெனிதா பிள்ளைத்தாச்சி. அம்மருட்டில் அவளும் புருசனும் இருந்த வாடகைவீட்டைச் சொந்தக்காரன் திருப்பிக் கேட்டுவிட்டான். நிலவறையில் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் போட்டு அவர்களை அங்கே இருத்துவது என்று யோசனை. அதற்கென்று ஜெயரத்தினம் சேர்த்து வைத்திருந்தது இரண்டு லட்சம் குரோனர்.

டிப்போவில் பழைய கொட்டகையை உடைக்கிறதுக்கு முன் ஆள் வந்து மாதிரி எடுத்துச் சோதித்ததை அவர் கண்டவர். தன் வீட்டுக்கும் ஒருத்தியைக் கூப்பிட்டார். யூலியா என்று ஒரு நோர்வேக்காரி. நிலத்தில் பதித்த ஓட்டில் ஒரு துண்டு, அடியிலிருந்த கறுப்புப் பசையில் கொஞ்சம், குழாயைச் சுற்றியிருந்த வெள்ளைச் சுற்றில் கொஞ்சம் எடுத்துப் போனாள். ஒரு கிழமையில் பதில் வந்தது. மூன்றிலும் அஸ்பெஸ்டஸ், உடைத்தால் தூசு நுரையீரலுக்குள் போய்ப் புற்றுநோய் ஆகிற சாமான். அனுமதி உள்ள ஆட்கள் வந்து அகற்றும்வரை ஒருவரும் கை வைக்கக்கூடாது. அகற்ற ஒரு லட்சத்துக்கு மேல் வரும். அவர்களுக்கு நேரம் கிடைப்பதோ குடிபூரல் நாளுக்குப் பிறகுதான்.

ஜெயரத்தினம் குசினி மேசையில் இருந்து கணக்குப் பார்த்தார். முதலில் குடிபூரலை வெட்டினார். பிறகு குசினியை வெட்டினார். சோதிலிங்கம் எதிரே இருந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

"என்ன அத்தான், உந்த வெள்ளைக்காரி சொன்னாள் எண்டு ஒரு லட்சத்தைக் கொட்டப்போறியளோ? ஊரிலை எங்கடை கூரையே உதுதானே. அதிலை வடிஞ்ச மழைத்தண்ணியையும் பிடிச்சுக் குடிச்சனாங்கள்."

"குடிச்சபடியாத்தான் உன்ரை மூளை உப்பிடிக் கிடக்கு."

"ஷெல்லடிக்குள்ளாலை வந்தனாங்கள். தூசுக்குப் பயப்பிடுறதோ?"

"நீ எந்த ஷெல்லுக்குள்ளாலை வந்தனி? முதல் சத்தம் கேக்கமுந்திப் பிளேன் ஏறினனி. ஷெல்லடியைப் பாத்தது மாமி."

மங்களேஸ்வரி அடுப்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். தாயை இழுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை.

சோதிலிங்கம் விடவில்லை. "சனிக்கிழமை பெடியளோடை வாறன். ஒரு நாள் வேலை. ஒரு சதம் தரவேண்டாம். ஆட்டிறைச்சியும் பியரும் போதும். நாள் தப்பினால் சனம் சிரிக்கும் அத்தான்."

"சிரிக்கட்டும். சிரிச்சால் நுரையீரலுக்கு நல்லது."

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுக்கிற பழக்கம் சோதிலிங்கத்துக்கு இல்லை. சனிக்கிழமை காலை வேலை முடிந்து ஜெயரத்தினம் வர, வாசலில் மூன்று கார். வீடு முழுக்க இறைச்சிக் கறி மணம். நிலவறைக் கதவடியில் பெடியள் நின்றார்கள். பெடியள் என்றால் ஐம்பது தாண்டிய பெடியள். ஒருவன் காப்புறுதி விற்கிறவன், ஒருவன் கணக்காளன், மற்றவர்கள் தபால் தரம் பிரிக்கிறவர்கள். வீட்டில் பல்ப் மாற்றவே ஆள் தேடுகிறவர்கள் கையில் ஆளுக்கொரு இரும்பு அலவாங்கு. கொரோனாவில் மிஞ்சிய கடதாசி முகமூடியை ஒருவன் நாடியில் மாட்டியிருந்தான். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

"திறப்பைத் தாங்கோ அத்தான்," என்றான் சோதிலிங்கம்.

ஜெயரத்தினம் நிலவறைக் கதவின் திறப்பை எடுத்து விரலில் தொங்கவிட்டார். "தாறன். உன்ரை மகள் துஷாராவும் பிள்ளைத்தாச்சிதானே? போய்க் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் கொத்திற இடத்திலை ஒரு கதிரை போட்டு அவளை இருத்து. நான் திறந்து விடுறன்."

"என்ரை பிள்ளையை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்?"

"உன்ரை பிள்ளைதான் பிள்ளை, என்ரை பிள்ளை என்ன, வீட்டுச் சாமானோ?"

கணக்காளன் அலவாங்கை மெதுவாகச் சுவரில் சாத்தினான். மற்றவர்களும் சாத்தினார்கள். சோதிலிங்கம் காரில் ஏறிப் போனான். சாப்பிடாமல் போனான். அக்கா வீட்டில் கை நனைக்காமல் போவதென்றால் இனி வருசக்கணக்கில் கதை இல்லை என்று அர்த்தம். மிச்சப் பெடியளுக்கு அந்த ரோசம் இல்லை. உடைக்காத நிலவறைக்காகச் சட்டி காலியாகத் தின்றுவிட்டுப் போனார்கள்.

பிறகு மங்களேஸ்வரி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கார்ட் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் எடுத்துச் சொன்னாள். கனடாவில் ஒரு ஒன்றுவிட்ட பெரியப்பா மோசம் போய்விட்டார், துடக்கு, நல்ல காரியம் செய்யக்கூடாது, குடிபூரல் இல்லை. வீட்டில் அஸ்பெஸ்டஸ் என்று சொல்வதைவிட இல்லாத பெரியப்பாவைச் சாகடிப்பது அவளுக்கு மரியாதையாகப் பட்டது. ஜெயரத்தினம் பொய்யைப் பொறுத்துக்கொண்டார். பெயர் இல்லாத ஒருவருக்காக அவள் குரல் தழுதழுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மாத முடிவில் ஜெனிதாவும் புருசனும் சாமான்களோடு வந்து மேலே வரவேற்பறையில் மெத்தை போட்டார்கள். மருமகனின் குறட்டைக்குத் திரைச்சீலை ஆடியது. ஒருவழியாக ஆட்கள் வந்து நிலவறைக்குப் பிளாஸ்டிக் கட்டி, வெள்ளை உடுப்போடு இறங்கினார்கள். காற்றிழுக்கும் மெஷின் கீழே இரைந்துகொண்டிருந்தது.

வேலை தொடங்கிய அடுத்தநாள் புருசெத்திலிருந்து கார்ட் வாங்கியிருந்த சவிரிமுத்துவும் மனைவி அருள்நாயகியும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் கதிரையில் ஒடுங்கி இருந்தார்கள்.

"பெரியப்பா என்ன வருத்தம் வந்து மோசம் போனவர்?" என்று அருள்நாயகி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

மங்களேஸ்வரி புருசனைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் சாகேல்லை," என்றார் ஜெயரத்தினம். "கீழை அஸ்பெஸ்டஸ். கழட்டுகினம். அந்தச் சத்தந்தான் உது."

மங்களேஸ்வரி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். சவிரிமுத்து காலடியில் இரைகிற நிலத்தைப் பார்த்தார். "ஐயோ, என்ன செலவு வந்தது?"

ஜெயரத்தினம் சொன்னார். அருள்நாயகி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். செத்தவருக்கு வராத துக்கம் அவள் முகத்தில் அப்போது வந்தது.

"அந்தக் காசுக்கு ஒரு மண்டபமே எடுத்திருக்கலாமே," என்றாள்.

"எடுத்திருக்கலாம். உங்களுக்கெல்லாம் சோறும் போட்டிருக்கலாம்."

ஜெனிதா மெத்தையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குசினியும் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. மேலே அம்மாவோடு ஒரே அடுப்பில் இன்னும் எத்தனை வருசமோ. என்றாலும் சிரித்தாள். ஜெயரத்தினம் ஒரு தலையணையை எடுத்து அவள் முதுகுக்குக் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கச் சொல்லி மருமகனை எழுப்பினார்.