மகள் சொல்லாத சொல்

நோர்வேயின் பேர்கன் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கறுப்புக் கோட்டும் கழுத்தில் ரையுமாக வீட்டைவிட்டு வெளியே வந்தால் அவர் செத்தவீட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம். நாங்கள் இங்கு வந்த முதல் மாரியில் இது எங்களுக்குத் தெரியாது. மாதா கோயில் பூசைக்குப் போக என் கணவர் இருந்த ஒரேயொரு கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் சேலைக்குக் கீழே கம்பளிக் காலுறை போட்டு, மேலே குளிர் அங்கியை மாட்டிக்கொண்டேன். மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர் பனிச்சறுக்குக் கட்டைகளோடு நின்றார். எங்களைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டு கணவரின் கையைப் பற்றி, "கொண்டொலேரெர்" என்றார். ஏதோ ஞாயிறு வாழ்த்து என்று நினைத்த கணவர், மொழி வகுப்பில் படித்த மரியாதையான பதிலைச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "தக், இ லீக்கெ மோதெ." நன்றி, உங்களுக்கும் அப்படியே. அந்த மனிதர் திகைத்துப்போய் நின்றார். அவர் சொன்னது 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எங்களுக்குத் தெரியவர மாதங்கள் எடுத்தன.

இந்தக் கதையை இங்கே தமிழ் வீடுகளில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். என் மகள் ஜெனிற்றா மட்டும் ஒருமுறை சிரிக்காமல், "அவர் சொன்னது பிழை இல்லை அம்மா, இங்க கோயில் எண்டா சாவுக்குத்தானே போறவை" என்றாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது இருக்கும். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவள். ஞாயிறுகளில் எங்கள் கரையிலிருந்து வள்ளம் இறங்காது. ஒருவர் பூசைக்கு வராவிட்டால் கோயில் மூப்பர் வீட்டுப் படலைக்கு வந்து, "ஏன் காணேல்லை?" என்று கேட்பார். காய்ச்சல் என்றால் சரி, வேறெந்தக் காரணமும் எடுபடாது. ஆனால் 'நீ விசுவசிக்கிறாயா' என்று மூப்பரோ சுவாமியாரோ என் அம்மாவோ என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. போவதுதான் விசுவாசம். நோர்வேக்கு வந்த பிறகு, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் கூட வேலை செய்கிறவள் ஒருத்தி, "நீ கிறிஸ்தவளா?" என்று கேட்டாள். "இல்லை, கத்தோலிக்கம்" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளைப் பொறுத்தவரை கிறிஸ்தவள் என்றால் மனதால் நம்புகிறவள். எனக்கோ அது வேறு சபைக்காரரின் பெயர். இருவரும் ஒரே சொல்லைப் பேசிக்கொண்டு வேறு வேறு கரைகளில் நின்றோம். அந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளரும் பிள்ளைக்குள் என்ன நடக்கும் என்று நான் அன்று யோசித்திருக்க வேண்டும்.

ஜெனிற்றா கோயிலின் நிலக்கீழ் அறையில் தமிழில் மறைக்கல்வி படித்தாள். பாதி விளங்கும், பாதி விளங்காது. ஒருநாள் ஆசிரியரிடம், "ஞானஸ்நானம் எடுக்காத குழந்தை செத்தா எங்க போகும்?" என்று கேட்டாள். "அப்பிடியெல்லாம் கேக்கக் கூடாது பிள்ளை" என்று அந்த நல்ல மனிதர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கேள்வி கேட்டால்தான் புள்ளி. அவள் முதல் நன்மையாக நற்கருணை அப்பம் வாங்கினாள், உறுதிப்பூசுதல் பெற்றாள், பாடகர் குழுவில் பாடினாள். பிறகு தாதியர் படிப்புக்காக ஒஸ்லோ போனாள். விடுமுறைக்கு வரும்போது ஞாயிறுகளில் நித்திரை கொண்டாள். பூசைக்குப் பிறகு தேத்தண்ணியோடு நிற்கும் தமிழ்ச் சனம், "மகள் எங்கே?" என்று கேட்டால் "வேலை" என்பேன். மற்றத் தாய்மாரும் அதையே சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் ஞாயிறுதான் வேலை.

சென்ற வருடம் என் தம்பி ஸ்ரனிக்கும் அவன் மனைவி றெஜினாவுக்கும் நீண்ட காலத்துக்குப் பிறகு ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஸ்ரனி இன்னும் நெடுந்தீவில்தான் தொழில் செய்கிறான். குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஜெனிற்றா ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று போனில் கேட்டார்கள். அவள் உடனே சம்மதித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கோயிலுக்குத் திரும்பி வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ நோர்வேக்காரரைப்போல, பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்பி, வளர்ந்த பிறகு துணையாக நிற்கும் ஒரு பொறுப்பு என்றுதான் அதை நினைத்திருந்தாள். ஆடி மாதம் கணவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் புறப்பட்டோம். குறிகட்டுவான் துறையில் தீவுக்குப் போகும் லோஞ்ச் ஏறியபோது அவள் குழந்தைக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையைத் தண்ணீர் படாமல் மடியில் வைத்திருந்தாள்.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்பு சுவாமியார் எங்களைக் கூப்பிட்டு, சடங்கில் கேட்கப்போகும் கேள்விகளை வாசித்துக் காட்டினார். பிள்ளைக்குப் பதிலாக ஞானத்தாய் பதில் சொல்ல வேண்டும். விசுவசிக்கிறீரா, விசுவசிக்கிறேன். பின்னேரம் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, ஜெனிற்றா வந்து எதிரே குந்தினாள்.

"அம்மா, என்னால அதைச் சொல்ல ஏலாது."

"எதை?"

"விசுவசிக்கிறேன் எண்டு. எனக்கு அது உண்மை இல்லை."

"உதட்டாலை சொல்லு பிள்ளை. ஒரு சொல்லுத்தானே. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்."

"பிள்ளையை வைச்சுக்கொண்டு கோயிலுக்குள்ள பொய் சொல்லச் சொல்லுறீங்களா?"

கத்தியை வைத்துவிட்டேன். ஆர் என்ன செய்தது, எந்தப் புத்தகம், எந்தப் பொடியன் என்று அடுக்கிக் கேட்டேன். ஒரு காரணம் கிடைத்தால் போதும், அதோடு சண்டை போடலாம் என்றிருந்தது எனக்கு.

"ஒண்டும் நடக்கேல்லை அம்மா. நான் ஒரு நாளும் விட்டுட்டுப் போகேல்லை. ஒரு ஞாயிறு வேலை, அடுத்த ஞாயிறு அலுப்பு. பிறகு ஒரு நாள் செபிப்பம் எண்டு இருந்தன். அங்க ஒருத்தரும் இல்லை. எனக்கும் கவலையாத்தான் இருந்தது." மீன்சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "கோயில் எண்டா எனக்கு நீங்கதான் ஞாபகம். உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறது. அதைத்தான் சின்னனில கடவுள் எண்டு நினைச்சனோ தெரியாது" என்றாள்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள், வெளிநாடு பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அந்த முறை ஊரில் கண்டது வேறு. பூசை நேரத்தில் இளவட்டங்கள் கோயிலுக்கு வெளியே வேம்பின் கீழே போனும் கையுமாக நின்றார்கள். பிரசங்கம் முழுவதும் அங்கேயே. நன்மை கொடுக்கும் நேரத்துக்குச் சிலர் உள்ளே வந்தார்கள், சிலர் அதற்கும் வரவில்லை. றெஜினாவிடம் கேட்டேன். "அவங்கள் திருநாளுக்குக் கொடி தூக்க வருவாங்கள் மச்சாள். பந்தல் போடுவாங்கள். உள்ளுக்கை வரச் சொன்னாத்தான் கரைச்சல்" என்றாள். அவர்களை எந்த நோர்வே கெடுத்தது? வித்தியாசம் ஒன்றுதான். என் மகள் வாய்திறந்து சொன்னாள். அவர்கள் வேம்பின் கீழே நின்று சொல்லாமல் விட்டார்கள்.

ஆனால் அன்று பின்னேரம் இந்த நிதானம் என்னிடம் இருக்கவில்லை. விஷயம் கேட்ட றெஜினா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். "எங்கட பிள்ளையை ஏந்த அவவுக்கு விருப்பமில்லாட்டி முதலே சொல்லியிருக்கலாம்" என்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஜெனிற்றாவுக்கும் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஃபாதரோட கதைக்கிறன்" என்று எழும்பினாள். நானும் பின்னாலேயே போனேன்.

சுவாமியார் இளம் வயதுக்காரர், வன்னிப் பக்கத்தவர். தன் அறை வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெனிற்றா தன் உடைந்த தமிழில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் துணியை மடித்து இருக்கையில் வைத்தார்.

"அப்ப நீர் ஞானத்தாயா நிக்க ஏலாது. அது எனக்கும் உமக்கும் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைக்கு நீர் மச்சாள். அதுக்கு என்னட்டைக் கேக்கத் தேவையில்லை."

"கோவமா ஃபாதர்?"

"இல்லை. என்ர தங்கச்சியும் இப்ப பூசைக்குப் போறேல்லை. ஏனெண்டு கேட்டன். சொன்னாள். விளங்கினதெண்டு சொல்ல மாட்டன்."

பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் நிப்பீங்களா?" என்றார். ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஞாயிறு பூசை முடிந்ததும் குழந்தையை ஏந்திக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றேன். ஜெனிற்றா கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சுவாமியார் கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். மரித்தவர்கள் உயிர்ப்பார்கள் என்றும், முடிவில்லாத வாழ்வு உண்டு என்றும் விசுவசிக்கிறீரா என்று அவர் கேட்டபோது என் வாய் நின்றுவிட்டது.

எங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தார். யுத்த காலத்தில் ஒரு விடியல் கடல்தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அம்மா தான் சாகும்வரை அவருக்காகச் செபித்தார். ஆனால் செத்தவருக்கு வைக்கும் இளைப்பாற்றிப் பூசை மட்டும் ஒப்புக்கொடுக்க விடவில்லை. அவர் வருவார் என்பதுதான் அம்மாவின் விசுவாசம். இந்த வாக்கியத்தை நான் ஆயிரம் ஞாயிறுகள் சனத்தோடு சனமாக முணுமுணுத்திருக்கிறேன். தனியாக, என் முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்டது அன்றுதான். அண்ணனை நான் திரும்பவும் காண்பேனா? எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஸ்ரனி நிலத்தைப் பார்த்தான். திரும்பாமலே, ஜெனிற்றா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"விசுவசிக்கிறேன்" என்றேன். அது உண்மையா, ஆசையா, பழக்கமா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மகள் நம்பாததால் சொல்லவில்லை, நான் தெரியாமலே சொன்னேன். எங்கள் இருவரில் யார் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தது?

தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீரிட்டு அழுதது. என்னிடம் அடங்கவில்லை, றெஜினா வாங்கியும் அடங்கவில்லை. சனம் பாட்டைத் தொடங்கிவிட்டது. ஜெனிற்றா வாங்கிலிருந்து எழும்பி வந்து கையை நீட்டினாள். றெஜினா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கொடுத்தாள். ஜெனிற்றா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வெளியே போனாள்.

சுவாமியார் மெழுகுதிரியைக் கொளுத்தி என் கையில் தந்து, அணையாமல் பார்க்கச் சொன்னார். கடைசி ஆசீர்வாதத்துக்குப் பிள்ளை வேண்டும், கூட்டிவாருங்கள் என்று கண்ணால் காட்டினார். வாசல்வரை நடந்தேன். வெளியே வெயிலில் ஜெனிற்றா குழந்தையை ஆட்டிக்கொண்டு, அவள் சின்னனில் பேர்கன் பாலர் பள்ளியில் படித்த தாலாட்டை நோர்வேஜிய மொழியில் பாடிக்கொண்டிருந்தாள். குழந்தையின் அழுகை அடங்கிவிட்டது. பின்னால் கோயில் முழுவதும் மாதா பாட்டு. கடற்காற்று வாசலில் மோதியது. இன்னொரு அடி வைத்தால் திரி அணைந்துவிடும், வைக்காவிட்டால் பிள்ளைகள் இருவரும் வெளியே. உள்ளங்கையால் சுடரை மறைத்தபடி வாசற்படியிலேயே நின்றேன்.