என் புராஸ்டேட் தாளைப் படித்த மேதாவி

கையால் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது.

இன்று சிங்கப்பூர் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடையில், என் புராஸ்டேட் ரத்தச் சோதனைத் தாளை நண்பன் பெரியசாமி வழக்கம்போலப் பிடுங்கினான். நாற்பது வருடமாக எனக்குக் கடிதம் படித்துச் சொல்பவன்.

“நம்பர் கூடிப்போச்சு. கேன்சர்தான்லா! கிளினிக் பக்கம் போகாத, வெட்டிடுவாங்க.”

டாக்டர் கொடுத்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை எடுத்து, கடைக்கே கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“அளவு கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. சுரப்பி பெருத்திருக்கலாம், கிருமித்தொற்றும் இருக்கலாம். மறுபடியும் சோதிக்க வேண்டும்.”

“நீ எப்பய்யா படிக்கக் கத்துக்கிட்ட?” என்று முழித்தான் மேதாவி.

அடுத்த வாரம் மறு சோதனைக்குப் போகிறேன். டாக்டர் சொல்வதை நானே இங்கே எழுதுகிறேன்.

அதுவரை ஒரே கவலைதான்: நாற்பது வருடமாக என் கடிதங்களில் இவன் எதைத்தான் படித்தான்?