கிடைக்காத அறைக்கு ஒரு நன்றிக் கடிதம்

உங்கள் அலுவலகத்தில் கழிப்பறையைக் கழுவுகிற பெண் மதியச் சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், தெரியுமா? சமாளிக்க வேண்டாம். தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சமத்துவத்தைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை. எதிர் வீட்டு ஜூடித் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் சந்து. ஜூடித்துக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. கணவர் ஓஸ்வால்ட் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஜூடித்துக்கு ஈஜிபுரா தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஆறு மாடி, மாடிக்கு நான்கு கழிப்பறை. கம்பெனி சம்பளம் இல்லை. ஏஜென்சி மூலம் வந்த ஆள்.

வியாழக்கிழமை கோயிலில் நவநாள் செபம். அன்று எங்கள் பக்கம் ஆட்டோ நுழைய முடியாது. ஊரே மெழுகுவர்த்தியும் மனுவுமாக வரும். வேலை வேண்டும், விசா வேண்டும், மாப்பிள்ளை வேண்டும் என்று எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஜூடித்தும் போடுவார். ஆனால் அவர் சீட்டில் கேட்பது ஒன்றுமே இருக்காது. நன்றி மட்டும்தான். அதற்கென்றே கைப்பையில் ஒரு சின்ன நோட்டு. வாரம் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து எழுதி, வியாழன் மாலை தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போவார். போகிற வழியில் என் வாசலில் நின்று படித்துக் காட்டுவார். பக்திக்காக அல்ல, என்னைச் சீண்டுவதற்காக.

“கேளுங்க சாமி அண்ணா. ‘செவ்வாய்க்கிழமை பஸ் டிரைவர் நான் ஓடி வர்றதைக் கண்ணாடியில பார்த்து வண்டிய நிறுத்தினார், நன்றி. அஞ்சாவது மாடியில ஒரு பொண்ணு கை கழுவிட்டுத் தொட்டியைத் தானே துடைச்சுட்டுப் போயிருக்கா, அவ யாருன்னு உமக்குத் தெரியும், நன்றி. கண்ணாடிய துடைச்சு முடிச்சேன், அதுக்குள்ள வானம் வந்து நின்னுச்சு, நன்றி. கீழ்த்தளத்துல உடைஞ்ச சாமான் போட்ட ரூமைப் பெருக்கினேன், சன்னல்ல புங்க மரம் பூத்திருக்கு, பூ உள்ள வரைக்கும் வந்து விழுது, நன்றி.’ எப்படி?”

“துடைத்தது நீ. வானத்துக்கு வேறு ஆளுக்கு நன்றியா?”

“பேர்லயே பெருமாளையும் சாமியையும் வெச்சுக்கிட்டு நீங்க பேசறீங்க பாருங்க!”

என் பெயர் பெருமாள்சாமி. பெற்றவர்கள் வைத்தது, என் தவறு இல்லை. அந்தச் சந்தில் கடவுள் இல்லை என்று சொல்கிற ஒரே ஆள் நான். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் எல்லாருக்கும் மனு எழுதித் தருகிற ஆளும் நான்தான்.

நன்றி சொல்லிச் சொல்லியே ஏழைகளைக் குனிய வைத்தார்கள் என்று ஒருமுறை அவரிடம் கத்தினேன். “குனிஞ்சாதானே அண்ணா தரை சுத்தமாகும்?” என்று சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

போன மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். சிரிப்பு இல்லை.

“அண்ணா, இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதணும்.”

விஷயம் இதுதான். அந்தக் கட்டடத்தில் ஊழியர்களுக்கு மொட்டை மாடியில் கேன்டீன் உண்டு. ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் அவசரகாலப் படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். மூன்று வருடமாக அதுதான் அவர்களுடைய சாப்பாட்டு அறை. அந்த மாதம் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர்கள், படிக்கட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். படிக்கட்டு மூடியாயிற்று. வேறு இடம் தருவது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது துடைப்பமும் பினாயிலும் வைக்கிற அலமாரி அறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள், ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம்.

“நான் நின்னுட்டுத் தின்னுடுவேன். சரசு?”

சரசு ஆஸ்டின் டவுன்காரர், ஜூடித்தோடு சேர்ந்து வேலை செய்பவர். சுகர். சாப்பிடும் முன்னால் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியைக் கழிப்பறைக்குள் நின்றபடி போட்டுக்கொண்டு, அலமாரி காலியாகும் வரை காத்திருக்கிறார். இரண்டு முறை தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று ஏஜென்சியில் சொல்லப் போகிறார். அவர் சம்பளத்தை நம்பித்தான் வீடு.

“மேனேஜர் யார்?” என்றேன்.

“கிரண் சார். நல்லவர்தான். தினமும் எங்களைப் பார்த்தா ‘ஊட்டா ஆய்த்தா’ன்னு கேட்பார்.”

சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் தினமும் கேட்கிறார்! எங்கே ஆயிற்று என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உட்கார்ந்து அரை மணியில் இரண்டு பக்கம் எழுதினேன். சட்டப் பிரிவு, மனித மாண்பு, நடவடிக்கை எடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பது வரை. தமிழில் சொல்லிக் காட்டினேன்.

ஜூடித் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு. அடிக்கிற மாதிரி இருக்கு. இது வேண்டாம்” என்றார்.

“பயமா?”

“ஆமா, பயம்தான். இதுல கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமை எங்க ரெண்டு பேரையும் வேற பில்டிங் மாத்திடுவாங்க. அங்க படிக்கட்டுகூட இருக்காது. நான் சொல்றதை எழுதுங்க. ‘ஐயா, எங்களுக்குச் சாப்பிட ரூம் குடுத்ததுக்கு நன்றி.’”

“என்ன ரூம்?”

“கீழ்த்தளத்துல, தபால் வர்ற இடத்துக்குப் பக்கத்து ரூம். நாலு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு ஃபேன். சன்னல்ல புங்க மரம் தெரியுது. சரசு உட்கார்ந்து ஊசி போட்டுக்கறா. உங்க குடும்பத்துக்காக செபம் பண்றோம். அவ்வளவுதான்.”

“அந்த அறையைத்தான் கொடுக்கவே இல்லையே! இது பொய்.”

“சோறு வாய்க்குப் போறதுக்கு முன்னாடி செபம் சொல்றோமா, பின்னாடியா? முன்னாடிதானே? பசி அப்படியே இருக்கும்போதே நன்றி சொல்றோம். அது பொய்யா?”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஓஸ்வால்ட், “எழுதிடுங்க அண்ணா. இவ எனக்கும் அப்படித்தான். பல்பு மாட்டினதுக்கு நன்றின்னு திங்கக்கிழமை சொல்லுவா, செவ்வாய்க்கிழமை நானே வெட்கப்பட்டு மாட்டிடுவேன்” என்றார்.

எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். ஜூடித் கையெழுத்துப் போட்டார். சரசு மறுநாள் பஸ் நிறுத்தத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஜூடித் என் வீட்டில் எல்லார் மாதிரியும் நடித்துக் காட்டினார். கூட வந்திருந்த சரசு இடையிடையே திருத்தினார்.

கடிதத்தைக் கிரண் மேஜையில் வைக்க வேண்டும். ஆனால் ஜூடித்துக்குப் பழக்கம், நன்றி என்றால் பெட்டியில் போடுவதுதான். வரவேற்பறையில் ஒரு பெட்டி இருந்தது. அதில் போட்டுவிட்டு, நெற்றியிலிருந்து சிலுவை வரைந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டார். அது ஊழியர்கள் குறை எழுதிப் போடுகிற பெட்டி. சாவி கிரணிடம் இல்லை, எச்.ஆர். வீணாவிடம் இருந்தது.

அந்தப் பெட்டியில் அதுவரை ஏசி குளிர்கிறது, காபி கசக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. நன்றி என்று ஒரு காகிதம் வந்ததும் வீணாவுக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்களும் மகிழ்ந்துபோய், அந்த அறையின் போட்டோவை உடனே அனுப்பச் சொன்னார்கள், கம்பெனி இதழில் போட வேண்டுமாம். வியாழக்கிழமை மதியம் கேமராவோடு கீழே வருகிறேன் என்று கடிதத்தின் படத்தோடு வீணா கிரணுக்குச் செய்தி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை கிரண் இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாவது மாடிக்கு வந்தார்.

“ஜூடித் அம்மா! என்ன ரூமு? எங்க இருக்கு அந்த ரூமு?”

“தபால் ரூமுக்குப் பக்கத்துல சார்.”

“அது குப்பை ரூமு! உடைஞ்ச மானிட்டரு, அட்டைப் பெட்டி. நான் எப்போ குடுத்தேன்?”

“நீங்க குடுப்பீங்கன்னுதான் சார் நன்றி சொன்னேன்.”

கிரண் தலையில் கையை வைத்துக்கொண்டு கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். “தேவரே! நாலு நாற்காலின்னு வேற எழுதியிருக்கே. ரெண்டுன்னு எழுதக் கூடாதா?”

“நாலு பேர் இருக்கோமே சார்” என்றார் சரசு.

புதன்கிழமை முழுவதும் அந்த அறையிலிருந்து சாமான் வெளியே போயிற்று. உடைந்த மானிட்டர்களைக் கிரணே தூக்கினார். நாற்காலிகள் இரண்டாவது மாடிக் கூட்ட அறையிலிருந்து இறங்கின. சுவர்தான் கறுத்துக் கிடந்தது. ஒரே நாளில் அடித்துத் தர பெயின்டருக்கு எங்கே போவது என்று கிரண் புலம்ப, ஜூடித் போனை எடுத்தார். ஓஸ்வால்ட் ஏணியோடு வந்தார். எலுமிச்சை மஞ்சள் அடித்தார். கையில் மிச்சமிருந்த டப்பா அதுதானாம்.

வியாழன் மதியம் வீணா வந்தார். மேஜை, நான்கு நாற்காலி, சுற்றுகிற ஃபேன், சன்னலில் புங்கை. அழகாக இருக்கிறதே என்று சுவரில் கை வைத்தார். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

வீணா விரலைப் பார்த்தார், பிறகு கிரணைப் பார்த்தார். கிரண் சன்னலைப் பார்த்தார்.

“ஜூடித், இந்த ரூம் எப்போ திறந்தது?”

மூன்று மாதம் ஆயிற்று என்று சொல்லியிருக்கலாம். கிரண் பிழைத்துக்கொள்வார், அறையும் தங்கும், போட்டோவும் வந்துவிடும். கிரணின் கண் அதைத்தான் கெஞ்சியது. ஜூடித் சொன்னார்:

“இன்னிக்குத்தான் மேடம். லெட்டரை நான் முன்னாடியே எழுதிட்டேன்.”

“இதுவரைக்கும் எங்க சாப்பிட்டீங்க?”

ஜூடித் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது மாடி அலமாரி அறையைத் திறந்தார். வீணா உள்ளே போய் நின்றார். துடைப்பம் தோளில் இடித்தது. பினாயில் நெடியில் இருமல் வந்தது. கேமராவை எடுத்து அந்த அலமாரியைப் படம் பிடித்தார். பிறகு கீழே வந்து அறையையும் பிடித்தார். இரண்டையும் சேர்த்து அனுப்பினார், கீழே ஒரே வரி எழுதி: இவர்கள் நன்றி சொல்லிவிட்டார்கள், நாம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கிரணுக்கு ஒன்றும் ஆகவில்லை. “மானிட்டர் தூக்கினாரே, அதையும் சொல்லிடுங்க மேடம்” என்று ஜூடித் சொல்லிவைத்திருந்தார். அறை நிலைத்துவிட்டது. காவலாளிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் இடம் பார்க்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சரசு வேலையை விடவில்லை. இப்போது சன்னலோர நாற்காலி அவருடையது. ஊசி போட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்து, புங்கம் பூ விழுந்தால் மூடியால் தடுத்துக்கொண்டு சாப்பிடுகிறாராம். கிரண் இப்போதும் ‘ஊட்டா ஆய்த்தா’ என்கிறார். கேட்டுவிட்டு நாற்காலி சரியாக இருக்கிறதா என்றும் எட்டிப் பார்க்கிறார்.

“இப்பவாவது நம்பறீங்களா?” என்றார் ஜூடித்.

“காயாத பெயின்டை நம்புகிறேன்.”

“அதைக் காய விடாம வெச்சது யாரு?”

“ஓஸ்வால்ட். தண்ணீர் அதிகம் கலந்திருப்பார்.”

“என் தொழில்ல கை வைக்காதீங்க அண்ணா” என்று வாசலிலிருந்து ஓஸ்வால்டின் குரல் வந்தது. சரசு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மாறிவிடவில்லை. உட்கார்ந்து சாப்பிடுவது உரிமை. யாரும் யாருக்கும் செய்கிற உதவி அல்ல. நன்றிக் கடிதம் எழுதித்தான் அதை வாங்க வேண்டியிருக்கிறது என்பது இந்த ஊருக்கு அவமானம். என் இரண்டு பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன், தேவைப்படும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் இரண்டு பக்கத்திலும் அந்த அறை இல்லை. ‘தகுந்த ஓய்வறை’ என்று எழுதியிருந்தேன். எந்த அறை, எந்தச் சன்னல், எத்தனை நாற்காலி என்று ஜூடித்துக்குத்தான் தெரிந்தது. குப்பை அறையைப் பெருக்கும்போதுகூட யாரோ தனக்கென்று ஒரு பூவை உதிர்த்திருக்கிறார் என்று நம்பி நிமிர்ந்து பார்க்கிறவர் அவர். அந்த யாரோ இருக்கிறாரா இல்லையா என்று நானும் ஜூடித்தும் சாகும்வரை சண்டை போடுவோம். சன்னல் இருந்தது. அதைப் பார்த்தது அவர் விசுவாசம்.

அந்த வியாழன் சீட்டில் கடைசி வரி: ‘எதிர் வீட்டு அண்ணாவுடைய இங்கிலீஷுக்கு நன்றி. அவர் கோபத்தை அப்படியே வெச்சிரும், அடுத்த பில்டிங்குக்கு வேணும்.’

இப்போது உங்களிடம் வருகிறேன். நாளை மதியம் ஒரு மணிக்கு உங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். உங்கள் மாடியைச் சுத்தம் செய்கிறவரின் பெயரைக் கேளுங்கள். அவர் டப்பாவைத் திறக்கும் இடம் வரை போங்கள், கதவு சின்னதாக இருந்தாலும் உள்ளே போய் நில்லுங்கள். அங்கே உட்கார இடம் இல்லையென்றால், யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காமல், முதலில் உங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போடுங்கள். மனு எழுத வேண்டுமானால் பிறகு என்னிடம் வாருங்கள்.