என் வம்சத்துத் தூங்குமூஞ்சி காவல்காரன்

நாலு வருஷம் இருக்கும், நல்ல மழைக்காலம். திருவனந்தபுரத்துல ஆரியசாலையில எங்க வீடு. அப்போ என் பேத்திக்கு மூணு வயசு. ஆறு மாசத்துல மூணு தடவ குளிர்காய்ச்சல். மூத்திரம் போகும்போது ஒரே கத்தல். டெஸ்ட் எடுத்தா, மூத்திரத்துல கிருமின்னாவ.

நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மகனைப் பழவங்காடிக்கு அனுப்பிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னேன். மருமக தலையில நானே உடைச்சேன். "ஆபீசுக்கு ஓடுற அவசரத்துல பிள்ளையக் கழுவி விட நேரமில்ல போல"ன்னு தினமும் சாம்பாருக்குத் தாளிக்கும்போதே ரெண்டு வார்த்தையும் சேத்துத் தாளிப்பேன்.

மூணாவது தடவ ஸ்கேன்ல ஒரு கிட்னியில சின்னத் தழும்பு தெரிஞ்சுது. இப்படியே வந்துக்கிட்டிருந்தா கிட்னி கெட்டுப்போகும்னு டாக்டரம்மா சொன்னாவ. குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசுல இப்படி இருந்துச்சான்னும் கேட்டாவ.

"எங்க குடும்பத்துலயா? சேச்சே!"ன்னேன். பொய்தான், பாத்துக்கிடுங்க. பொண்ணு பாக்கப் போன இடத்துல, என் மகனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லன்னு அளந்து விட்டவ நான். அத எப்படி மாத்துறது?

அப்போ மருமக தலையக் குனிஞ்சுக்கிட்டு, "என் தப்புதான் டாக்டர். ஆபீஸ் அவசரத்துல நான் சரியா கவனிக்கல"ன்னா. நான் தாளிச்சது அப்படியே அவ வாயில வருது! பேத்தி அவ மடியில முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கு மேல எனக்குப் பொறுக்கல.

"இல்ல டாக்டரே, எம் மகனுக்கு ஆறு வயசு வரைக்கும் இதே தொந்தரவுதான். எனக்கும் இருந்துச்சுன்னு எங்கம்மா சொல்லுவா"ன்னு கொட்டிட்டேன். பக்கத்துல இருந்த மகன் "எனக்கா?"ன்னு வாயப் பொளந்தான். "பின்ன? பாய் நனைச்சதையும் சொல்லவா?"ன்னேன். மருமக தலை நிமிந்துச்சு.

டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே, "அம்மே, இதைச் சொன்னது நன்னாயி"ன்னாவ. கிருமிய விரட்ட உடம்புக்குள்ள பிறவியிலேயே ஒரு காவல் உண்டாம். சில குடும்பத்துல அது கொஞ்சம் மந்தமா இருக்குமாம். இங்கயும் அப்படி இருக்கலாம், தாய் மேல குத்தமில்லன்னாவ. எங்க கடைத்தெரு வாட்ச்மேன் மாதிரி ஒரு தூங்குமூஞ்சிய நானே வம்சத்துக்குக் கொடுத்துட்டு, மருமகளை விரட்டிக்கிட்டு இருந்திருக்கேன்! இனி காய்ச்சல் அடிச்சா ஒரு நாள்கூடத் தள்ளாம டெஸ்ட் எடுக்கணும்னாவ.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு மத்தியானம், மகனும் மருமகளும் ஆபீஸ்ல. பேத்திக்கு உடம்பு கொதிக்குது. ரெண்டாங்கிளாஸ் தாண்டாத நான், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்ற மூத்திரத்த டப்பாவுல பிடிச்சு, பேத்தியையும் இடுப்புல வச்சுக்கிட்டு ஆட்டோ ஏறிட்டேன். அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சாச்சு. "அத்தே நர்ஸ் வேலைக்கே போகலாம், கேட்டோ"ன்னு மலையாளத்துல இழுத்தா மருமக. "போறேன், நீ வந்து தாளி"ன்னேன்.

போன மாசம் எடுத்த ஸ்கேன்ல புதுத் தழும்பு ஒண்ணும் இல்ல. கிட்னி நல்லா வளருதாம்! மாமியாரும் மருமகளுமா பழவங்காடிக்குப் போனோம். என் தேங்காய் ஒரே போடுல செதறிச்சு. அவளோடது உடையாம உருண்டு ஓடிச்சு. பிள்ளையார் முன்னாடியே நின்னு சிரிச்சேன்.

இப்பல்லாம் தெருவுல எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் நான் தாயக் குத்தம் சொல்றதில்ல. அதோட அப்பனப் பெத்தவகிட்டதான் மொதல்ல போய் விசாரிக்கிறேன்.