நடுவில் நின்ற புள்ளி

எங்கள் பஜனைக் குழுவுக்கு ஸ்வரங்களை அச்செடுத்துக் கொடுத்தவர் மேலூர்க்காரர். ஸ்வரங்களைத் தாளில் அடுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை அவரே எழுதியிருந்தார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் இருக்கும். யார் பேசினாலும் அதைத் திரையில் வைத்து அளந்துகொண்டேதான் பதில் சொல்வார்.

கோயில் விழாவில் முதன்முறையாக என்னைத் தனியாகப் பாடச் சொல்லியிருந்தார்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். ஸ்வர எழுத்துக்கு மேலே புள்ளி இருந்தால் குரல் மேலே போக வேண்டும், கீழே இருந்தால் கீழே இறங்க வேண்டும். என் தாளில் ஒரு புள்ளி இரண்டு வரிகளுக்கும் நடுவில் நின்றது.

“அண்ணே, இந்தப் புள்ளி மேல் வரிக்கா, கீழ் வரிக்கா?”

அவர் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து புள்ளியின்மேல் மவுஸை வைத்தார். திரையில் எண்கள் வந்தன. “ரெண்டுக்கும் சரி நடுவுல இருக்கு. அரை மில்லி பிசகல, பாருங்க!”

“அதில்லண்ணே, நான் மேல போகணுமா, கீழ போகணுமா?”

“அது பாடுறவுக பாடு. எடம் சுத்தமா இருக்கா, அம்புட்டுத்தேன் நம்ம வேல.”

மேடையில் அதைக் கீழ் வரி எழுத்தின் மேல் இருக்கும் புள்ளி என்று நினைத்து உச்சிக்குப் போனேன். ஹார்மோனியம் என்னோடு வரவில்லை, கீழே இறங்கிவிட்டது. குரல் கிழிந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள்.

நான் இறங்கியதும் அவர் தாளை வாங்கி ஸ்கேலை வைத்துப் பார்த்தார். “புள்ளி அசையவேயில்ல. நீங்கதேன் அசைஞ்சிட்டீக” என்றார்.

அதற்குப் பிறகு என்னைத் தனியாகப் பாடக் கூப்பிடவில்லை. தாளை மட்டும் வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. பாடத்தான் முடியாது.