அடுப்படியை எரித்தவள்

எங்கள் கிள்ளான் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தபோது, அதில் சமைக்கப் போகிறவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் என் நாத்தனாரிடம்தான். என் கணவருக்கு அக்கா, பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. கேபினட் செய்கிறவரையும் அவர்தான் கூட்டிவந்தார்.

சுவரில் ஓடு ஒட்டுவதற்கு முன் நான் துணிந்து வாயைத் திறந்தேன்.

“அண்ணி, ஓவனுக்குத் தனியா ஒரு பிளக் பாயிண்ட் போடச் சொல்லலாமா? ரைஸ் குக்கருக்கும் பிளண்டருக்கும் மேடைக்கு மேல வேணும்.”

“எதுக்கும்மா இத்தனை? கடை வைக்கப் போறியா?” என்றார். “புது ஓட்டுல பொத்தல் பொத்தலா நல்லாவா இருக்கும்? ஓவனுக்குப் பின்னால ஒன்னு இருக்குல்ல, அதுல எக்ஸ்டென்ஷன் மாட்டி கேபினட்டுக்குள்ள வுட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது?”

கேபினட்காரர் சிரித்தார். “அக்கா சொன்னா சரிதான் லா.”

என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே நடந்தது. ஓவன், ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷனில் தொங்கின. பலகையில் துளை போட்டு, அதன் ஓரத்தைக்கூடத் தேய்க்காமல், வயர்களை அதற்குள் இழுத்துவிட்டிருந்தார்கள். இழுப்பறையை மூடும்போதெல்லாம் அது வயரில் உரசும். வெளியிலிருந்து பார்த்தால் சமையலறை பளபளவென்று இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் நாத்தனார் அதைத் தன் கைவேலை என்று காட்டினார்.

மகன் பிறந்தநாளுக்கு நான் ஓவனில் கேக் வைத்திருந்த ஒரு மத்தியானம், கீழ் அலமாரியின் இடுக்கிலிருந்து புகை வந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் பிளக்கைப் பிடித்து இழுத்தேன். அது என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் கத்திய சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மலாய் அக்காதான் மெயின் சுவிட்சை அணைத்து, தன் காரில் இருந்த தீயணைப்பானை எடுத்துவந்து அடித்தார். அதற்குள் அலமாரி வரிசையில் பாதி கருகிவிட்டது.

பின்பு வயரைச் சரிசெய்ய வந்த வயர்மேன் பலகையைப் பெயர்த்துக் காட்டினார். துளையின் ஓரம் வயரின் தோலை அறுத்திருந்தது. ஓவனின் சூடு மிச்சத்தை உருக்கியிருந்தது. என் கணவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். “சரி, ஆனது ஆச்சு. அக்காகிட்ட ஒன்னும் சொல்லாத” என்றார். நானும் சொல்லவில்லை.

சொன்னது நாத்தனார்தான். கைக்கட்டு அவிழ்ந்த கொஞ்ச நாளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் உறவுக்காரக் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பின்வரிசையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். நான் அங்கே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“போன்ல கதை பேசிக்கிட்டு அடுப்ப அணைக்க மறந்துட்டா. நான் பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்த கேபினட்டு. எரிச்சே புட்டா!”

பந்தியில் சிரித்தார்கள். என் கணவரின் பெரியம்மா என் பக்கம் சாய்ந்து, “இனிமே கவனமா இரும்மா” என்றார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், “அடுப்ப அணைச்சிட்டு வந்தியா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

எரிந்த பக்கத்தைத் திரும்பக் கட்டியபோது நான் யாரையும் கேட்கவில்லை. வயர்மேன் பின்னாலேயே நின்று ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டேன். புரியாததைத் திரும்பக் கேட்டேன். அவர் போன பிறகு படித்தும் பார்த்தேன். என் இஷ்டப்படி ஒரு சமையலறை எழுந்தது. நாத்தனாரின் மகள் அதை வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனவள், செமினியில் வீடு வாங்கியதும் என்னைத்தான் கூப்பிட்டாள்.

“அத்தே, நீங்கதான் என் கிச்சனுக்குப் பிளான் போட்டுக் குடுக்கணும்.”

நல்ல பெண்தான். அவள்மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்: பாசத்தால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அம்மா வந்து போகும் வீட்டில், அவர் கண்ணில் படும் இடத்திலெல்லாம் என் அறிவு இருக்க வேண்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

காலியாக இருந்த அந்த அறையில் அட்டைப்பெட்டிகளை வைத்து இது ஓவன், இது ஃபிரிட்ஜ் என்று நிறுத்திப் பார்த்தேன். சுவரில் டேப் ஒட்டிக் குறித்தேன். ஓவனுக்கு மெயின் சுவிட்சிலிருந்தே தனி லைன். அதன் பாயிண்ட் ஓவனின் முதுகில் இல்லை, பக்கத்து அலமாரிக்குள், கதவைத் திறந்தால் கை எட்டும் இடத்தில். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே பாயிண்டே இல்லை. தண்ணீர் ஃபில்டருக்கு வேண்டியதைத் தள்ளி, உயரத்தில் வைத்தேன். ரைஸ் குக்கருக்கும் பிளண்டருக்கும் மேடைமேல் தனித்தனியாக. வயர் பலகையைத் தாண்டும் துளைக்கெல்லாம் ரப்பர் வளையம். தொங்குவது ஒன்றுகூட இல்லாமல் எல்லாம் மூடியிட்ட குழாய்க்குள். ஒவ்வொரு பாயிண்டையும் என் நாத்தனாருக்குக் கொடுக்கும் வசவு போலவே குறித்தேன்.

இடையில் அவரும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். சுவரில் இருந்த டேப்புகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“இதென்ன, ஒரு கிச்சனுக்கு இத்தனை பாயிண்டா? நம்ம கேபினட்காரர்கிட்டயே சொல்லியிருந்தா, ஒரு எக்ஸ்டென்ஷன்ல முடிச்சிருப்பார்.”

“அம்மா, அத்தே சொன்னபடி செய்யட்டும். நீங்க பேசாம இருங்க” என்றாள் மகள்.

நான் டேப்பைத் தடவிச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன். என் முகத்தில் வந்த சிரிப்பை அவர் பார்த்துவிடக் கூடாதே.

கிரகப்பிரவேசத்துக்குச் சொந்தபந்தம் எல்லாரும் வந்திருந்தார்கள். பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு முன், பெண்கள் சமையலறையில் கூடி நின்றார்கள். பெரியம்மாவும் இருந்தார். நாத்தனார் அலமாரிக் கதவுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

“வயரு கியரு ஒன்னு வெளியில தெரியுதா பாருங்க. எல்லாம் நான் பக்கத்துல நின்னு பாத்துச் செய்யச் சொன்னது.”

இவ்வளவு நல்ல வாய்ப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

“அண்ணி,” என்றேன், முடிந்த மட்டும் மரியாதையாக. “அந்த ஓவனுக்குக் கரண்ட் எங்கேருந்து வருதுன்னு இவங்களுக்குக் காட்டுங்களேன்.”

“எங்கேருந்து வரும்? பின்னால இருந்துதான்.”

“பின்னால இல்லையே அண்ணி.” நான் பக்கத்து அலமாரியைத் திறந்தேன். “இங்க இருக்கு. ஓவனுக்குப் பின்னால வச்சா சூட்டுல உருகிடும். அவசரத்துக்குக் கையும் எட்டாது. எங்க வீட்டுல அப்படித்தான் உருகிப் பத்திக்கிச்சு.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். “ஏம்மா, நீ அடுப்ப அணைக்காமத்தானே...?”

“அன்னைக்கு நான் அடுப்பே பத்தவைக்கல பெரியம்மா. ஓவன்ல கேக் வச்சிருந்தேன். ஓவன், குக்கர், கெட்டில் மூணுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன். தனித்தனியா பாயிண்ட் கேட்டேன். கடை வைக்கப் போறியான்னு கேட்டாங்க.”

“யாரு கேட்டா?”

உள்ளங்கையை விரித்துத் தழும்பைக் காட்டியபடி, நாத்தனாரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் என் பார்வை போன பக்கம் திரும்பினார்கள். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. “அது... கேபினட்காரன் சரியா செய்யல” என்றார் மெதுவாக.

“அம்மா, இந்தக் கிச்சன் முழுக்க அத்தேதானே பிளான் போட்டாங்க?” என்றாள் மகள், தட்டுகளை எடுத்துக்கொண்டே. குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்திருக்கும்.

அன்று இரண்டு முறை பாயாசம் வாங்கிக் குடித்தேன். அத்தனை ருசி.

திரும்பும்போது காரில் என் கணவர், “அத்தனை பேர் முன்னாடி தேவையா? அக்கா அழுதாங்க தெரியுமா?” என்றார்.

“நான் எத்தனை நாள் அழுதேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் அணைத்தேன்.

பெரியவர்களை அப்படித் தலைகுனிய வைத்திருக்கக் கூடாது என்று உறவில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும். அடுப்பை அணைத்தாயா என்று அதற்குப் பிறகு என்னை ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் செமினியிலிருந்து நாத்தனார் மகள் போன் செய்தாள். அவள் அம்மா வீட்டு அலமாரிக்குள்ளிருந்து கருகல் வாடை வருகிறதாம். அதே கேபினட்காரர் செய்த வேலை. “உடனே மெயின் சுவிட்ச அணைக்கச் சொல்லு. வயர்மேன் வந்து பாக்கிற வரைக்கும் எதையும் மாட்டக் கூடாது” என்றேன். அதில் நான் தாமதிக்கவில்லை. யார் வீடும் எரிய வேண்டும் என்று நினைக்கிறவள் அல்ல நான்.

வயர்மேன் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். இப்போது நாத்தனார் கொல்லைப் பக்கத்தில் கேஸ் அடுப்பை வைத்துச் சமைக்கிறார். மகள் திரும்பவும் கூப்பிட்டாள்.

“அத்தே, நீங்க ஒரு தடவ வந்து பாத்துப் பிளான் போட்டுக் குடுத்தா...”

“உங்கம்மா கேட்டாங்களா?”

“கேக்கல. ஆனா வந்தா சந்தோஷப்படுவாங்க.”

“அவங்க கேக்கட்டும், வரேன்” என்றேன்.

பக்கத்துத் தெருதான். காய்கறி வாங்கப் போகும்போது அவர் வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். சில நாள் வாசலில் நிற்பார். என்னைப் பார்ப்பார், ஏதோ சொல்ல வருவது போல வாயைத் திறந்து மூடிக்கொள்வார். நான் நடையின் வேகத்தைக் குறைப்பேன். நிற்க மாட்டேன்.